கனவு இல்ல, கனவு

சினிமாக்காரர்கள் அவரைப் ‘பஞ்சர்’ என்றுதான் கூப்பிட்டார்கள். முகத்துக்கு நேரே பஞ்சர் சார், முதுகுக்குப் பின்னால் வெறும் பஞ்சர். அவர் கதை எழுதுபவர் இல்லை. அடுத்தவர் எழுதிய கதையில் எந்த இடத்தில் காற்று இறங்குகிறது என்று பார்த்து ஒட்டுப்போடுபவர். கையில் துப்பாக்கியை வைத்துக்கொண்டு வில்லன் ஏன் சுடாமல் பேசிக்கொண்டே நிற்கிறான்? காணாமல் போன தங்கையை ஏன் ஒருத்தரும் போனில் கூப்பிட்டுப் பார்க்கவில்லை? ரயில் நிற்காத ஊரில் கதாநாயகன் எப்படி இறங்கினான்? இப்படிக் கேட்டு, பதிலையும் அவரே எழுதிக் கொடுப்பார். படத்தில் அவர் பெயர் வராது. வந்தால், கதையில் ஓட்டை இருந்தது என்று ஊருக்கே சொன்னதாகிவிடும்.

நான் அவர் வீட்டுக்கு வேலைக்குப் போனபோது அவருக்கே காற்று இறங்க ஆரம்பித்திருந்தது.

நோயாளிகளை வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்வது என் தொழில். அதற்கென்று பயிற்சி எடுத்தவள். இந்த வயதில் தூக்கிப் புரட்ட முடியுமா என்று முதல் நாள் அவர் மகள் சந்தேகமாகப் பார்த்தாள். புரட்டுவதற்குப் பலம் வேண்டாம், விரிப்பை எங்கே பிடிப்பது என்று தெரிந்தால் போதும். செய்து காட்டினேன். அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை.

அவருக்கு வந்திருந்தது, தசைகளை ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டே போகிற நரம்பு நோய். மூளையை மட்டும் தொடாது. முதலில் பேனா பிடிக்கிற விரல்கள் போயின, பிறகு கைகள், பிறகு கால்கள். நான் போனபோது நாக்கும் மூச்சும் வரிசையில் நின்றுகொண்டிருந்தன. மூக்கையும் வாயையும் மூடி மாஸ்க் மாட்டி, ஒரு சின்ன இயந்திரம் காற்றைத் தள்ளிக்கொண்டிருக்கும். பேசவும் சாப்பிடவும் மட்டும் அதைக் கழற்றுவோம்.

மாடியில் இரண்டு அறை வீடு. சாய்த்து நிமிர்த்தும் கட்டில், அதற்கு நேர் எதிரே வாசல் கதவு, ஜன்னலோரம் மகளின் மேஜை. மனைவி பிரிந்துபோய்ப் பல காலம் ஆகியிருந்தது. “நல்ல மனுஷிதான் அக்கா. நான் சொன்ன கதையில எல்லாம் ஓட்டை கண்டுபிடிச்சா. அதான் பிரச்சினை,” என்பார். மகள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். அதை அரை நாளாக மாற்றிக்கொண்டு, மத்தியானத்துக்கு மேல் அப்பா சொல்லச் சொல்ல டைப் அடிப்பாள். அவர் என்னை அக்கா என்றதால் அவளுக்கு நான் அத்தை ஆனேன். இப்படித்தான் ஒரு வேலைக்காரி சொந்தக்காரி ஆகிறாள். வேலை குறைவதில்லை.

அவர் பேச்சு புரிய வேண்டுமானால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். மேலண்ணத்தின் கடைசியில் கதவு மாதிரி ஒரு சதை இருக்கிறது. பேசும்போது அது மூக்குக்குப் போகும் வழியை அடைத்துக்கொள்ளும். அது தளர்ந்துவிட்டால் காற்றெல்லாம் மூக்கு வழியே ஓடிவிடும். ‘ப’ சொன்னால் ‘ம’ மாதிரி வரும், ‘த’ சொன்னால் ‘ன’ மாதிரி வரும். மகளை அவர் பாப்பா என்று கூப்பிடுவார். அது மாமா என்று வந்து விழும்.

“யாருப்பா மாமா? எனக்கு மீசையா இருக்கு?”

“அதட்டுறப்ப இருக்கு,” என்பார்.

அவர் சொன்னதையெல்லாம் நான் இங்கே சரியான எழுத்திலேயே எழுதுகிறேன். கேட்டபடி எழுதினால் படிப்பவர்களுக்கு மூக்கடைப்பு வந்துவிடும்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு பழைய விண்வெளிப் படத்தை மறுபடி எடுக்கப்போவதாக ஒரு இயக்குநர் வந்தார். ரீமேக் என்றால் அவருக்குக் கோபம் வரும், ரீபூட் என்று சொல்ல வேண்டும். “கம்ப்யூட்டர் அடம்பிடிச்சா அணைச்சிட்டுப் போடுவாங்களே, அதுவா தம்பி?” என்று கேட்டேன். “அதேதாம்மா,” என்றார். சின்ன வயதில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு அட்டைப்பெட்டிக்குள் படுத்துத் தூங்கிய பிள்ளையாம். பஞ்சர் அந்தப் பழைய படத்தில் கடைசி உதவியாளராக இருந்தவர் என்று யாரோ சொல்லித் தேடி வந்திருந்தார்.

கதை இதுதான். ஒரு கப்பல் தூரத்துக் கிரகத்துக்குப் போகிறது. போய்ச்சேர ஒரு ஆயுள் ஆகும் என்பதால் எல்லோரையும் பெட்டிக்குள் தூங்க வைத்திருக்கிறார்கள். தூக்கத்தில் பைத்தியம் பிடிக்காமலிருக்கக் கப்பலின் இயந்திரம் அவர்களுக்கு நல்ல கனவுகளாகக் காட்டும். ஒரே ஒரு மெக்கானிக் மட்டும் விழித்திருக்கிறான். ஒரு கல் வந்து மோதிக் கப்பலில் ஓட்டை விழுகிறது, காற்று வெளியே போகிறது. மெக்கானிக் வெளியே போய் ஓட்டையை அடைக்கிறான். திரும்பி வந்தால் கதவு திறக்கவில்லை. தியேட்டரே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, அவன் தன் வீட்டுக் கட்டிலில் கொட்டாவி விட்டபடி எழுந்திருக்கிறான். மனைவி காபி கொடுக்கிறாள். எல்லாம் கனவு.

“செருப்பு பறந்துது அக்கா,” என்றார் பஞ்சர். “திரையில ஓட்டை. அதையும் நான்தான் ஒட்டியிருக்கணும்.”

அந்த முடிவைச் சொன்னதே அவர்தான். கடைசிக் காட்சி எடுப்பதற்குள் மழையில் செட் சரிந்துவிட்டது. எல்லோரும் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது, இவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், “கனவுன்னு முடிச்சிடலாமே சார்,” என்றிருக்கிறார். சரி என்றுவிட்டார்கள். பிறகு வாழ்நாள் முழுக்க மற்றவர்களின் ஓட்டைகளை அடைத்துக்கொண்டிருந்தாரே, அதெல்லாம் இந்த ஒன்றைச் சுற்றித்தான் என்று எனக்குத் தோன்றும். அவர் அப்படிச் சொன்னதில்லை.

இயக்குநர் தந்த புதுக் கதையில் கனவை எடுத்துவிட்டு, இயந்திரத்துக்கு மனிதர்கள்மேல் பொறாமை வந்து கதவைப் பூட்டிக்கொண்டதாக எழுதியிருந்தார்கள்.

“மிஷினுக்கு என்ன பொறாமை?” என்றார் பஞ்சர். “அதுக்கும் இவனுக்கும் பாகப்பிரிவினையா? கதவு ஏன் திறக்கலைன்னு ஒரு காரணம் வேணும். அது கிடைச்சா மிச்சமெல்லாம் தானா நிக்கும்.”

சின்னச் சின்ன ஓட்டைகளை மளமளவென்று அடைத்தார். அவ்வளவு பெரிய கப்பலுக்கு ஒரே மெக்கானிக்கா என்றால், இரண்டு பேர் இருந்தார்கள், மற்றவன் தூக்கத்திலேயே செத்துப்போனான். வெளியே போகிறவன் யாரிடமும் ஏன் சொல்லவில்லை என்றால், ஒருவரை எழுப்பினால் அவருக்கும் சேர்த்துக் காற்று வேண்டும். இதையெல்லாம் சொல்லும்போது கண்ணில் ஒரு வெளிச்சம் இருக்கும். கதவுக்கு வந்தால் நின்றுவிடுவார்.

அதற்குள் மருத்துவர் வேறொரு காரியத்தைச் சொல்லியிருந்தார். மாஸ்க் இனி அதிக நாள் தாங்காது. கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்து இயந்திரத்தோடு இணைக்க வேண்டும். வைத்தால் உயிர் நிற்கும், பேச்சு போய்விடும். மிஞ்சியிருக்கும் ம-வும் ன-வும்கூட இருக்காது. நன்றாக இருக்கும்போதே செய்துகொள்வது நல்லது. நெஞ்சில் சளி கட்டிய பிறகு ஓடினால் கத்தி வைப்பதற்கு முன்பே ஆள் போய்விடலாம்.

“ஊர்ல இருக்கற ஓட்டை எல்லாம் அடைச்சேன். எனக்கு ஓட்டை போடறாங்களாம்,” என்றார் பஞ்சர்.

மகள் சிரிக்கவில்லை. “எப்போப்பா?”

“கதை முடியட்டும்.”

“கதை முடியறதுக்குள்ள நீ முடிஞ்சிட்டா?”

“குழாய் போட்டுட்டா யாரு சொல்றது? பலகையில எழுத்தைக் காட்டி ஒரு வரி எழுத ஒரு பொழுது ஆகும். அவங்க காத்திருப்பாங்களா?”

“நான் காத்திருப்பேன்ல. எனக்கு நீ உயிரோட இருந்தா போதும். இந்தப் படம் வந்தா என்ன, வராட்டா என்ன?”

அவள் என் பக்கம் திரும்பினாள். “அத்தை, நீங்க சொல்லுங்க.”

நான் சொன்னேன். “டாக்டர் சொன்னதுதான் சரி. ஆனா கழுத்து அவரோடது.” இரண்டு பேருக்கும் என்மேல் கோபம். அது பழக்கம்தான்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரே ஓட்டம். எது முந்தும், முடிவா மூச்சா என்று. நான் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். காலையில் நெஞ்சைத் தட்டிச் சளியை எடுப்பது, புரையேறாமலிருக்கக் குடிக்கும் தண்ணீரில் மாவு கலந்து கெட்டியாக்கிக் கரண்டியால் கொடுப்பது, தாடையை மார்புக்கு இறக்கி விழுங்க வைப்பது. மாஸ்க் அழுத்தி மூக்குத் தண்டு சிவந்தால் அங்கே பஞ்சு ஒட்டுவது. பேசக் கொஞ்ச நேரம் மாஸ்க்கைக் கழற்றுவேன். உதடு வெளுத்தால் மறுபடி மாட்டிவிடுவேன், வரி பாதியில் நின்றாலும். கண்ணாலேயே திட்டுவார். கண்ணை இறுக்கி மூடினால் அது கெட்ட வார்த்தை.

மெக்கானிக்கைக் காப்பாற்ற வருகிறவர்களாக எத்தனையோ பேரை நிறுத்திப் பார்த்தார். தூங்குகிற ஒருத்தி எழுந்துவந்து கதவைத் திறக்கிறாள். அவளை யார் எழுப்பினார்கள்? பக்கத்தில் இன்னொரு கப்பல் வருகிறது. இவ்வளவு நேரம் அது எங்கே இருந்தது? ஒவ்வொன்றையும் அவரே கட்டி அவரே உடைத்தார். சாயங்காலம் ஆனால் மகள் டைப் அடித்ததை எல்லாம் அழிப்பாள். அந்தப் பொத்தானை அவள் அழுத்துகிற சத்தம் எனக்கே வெறுத்துப்போனது.

இயக்குநர் தினமும் போன் செய்தார். படக் கம்பெனி நெருக்குகிறது என்றார். எழுதுவதற்கு வேறு மூன்று பேரைத் தயாராக வைத்திருக்கிறார்கள் என்றார்.

ஒரு மத்தியானம் பஞ்சர் முகம் தெளிந்திருந்தது. மாஸ்க்கைக் கழற்றச் சொன்னார். மகள் மேஜைக்குப் போனாள்.

“யாரும் திறக்க வேண்டாம். காப்பாத்தவே வேண்டாம்,” என்றார். மூச்சு வாங்கினார். “கடைசியில கதவு மட்டும் போதும்.”

சாத்திய கதவு, அதற்கு வெளியே அவன். அதோடு படம் முடிகிறது. அவர் நினைத்தது அது. ஆனால் எங்கள் காதில் விழுந்தது, கடைசியில கனவு மட்டும் போதும் என்று. எனக்கும் அப்படித்தான் விழுந்தது. அந்த வீட்டில் எத்தனையோ நாளாகக் கனவு, கனவு என்று பேசிப் பேசி, காது அந்த வார்த்தைக்கு இடம் போட்டு வைத்திருந்தது. மகள் ஒரு நிமிஷம் அப்பாவையே பார்த்தாள். பாவம், தோற்றுப்போய்ப் பழைய இடத்துக்கே வந்துவிட்டார் என்று நினைத்தாள் போலிருக்கிறது. அப்படியே அடித்து அனுப்பினாள். அனுப்பியதைத் திரும்பப் படித்துக் காட்டவில்லை. இனி ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்ற அவசரம் அவளுக்கு.

இயக்குநர் உடனே கூப்பிட்டார். மகள் போனை எல்லோருக்கும் கேட்கும்படி கட்டிலில் வைத்தாள்.

“அண்ணே, என்னண்ணே இது? மறுபடியும் கனவா? அந்தக் கனவை எடுக்கத்தானே உங்ககிட்ட வந்தேன்?”

பஞ்சரின் கண்கள் விரிந்தன. “கதவு,” என்றார்.

“அதான் கேக்கறேன், ஏன் கனவு?”

“கனவு இல்ல,” என்று முழு மூச்சையும் திரட்டினார். “கதவு!”

ஆனால் அந்தப் பக்கம் போனது இதுதான்: கனவு இல்ல, கனவு.

“சரிண்ணே,” என்றார் இயக்குநர், குழந்தையிடம் பேசுகிற குரலில். “நீங்க ரெஸ்ட் எடுங்க. நாங்க பாத்துக்கறோம்.”

“கனவு இல்ல!” என்று இவர் கத்தினார். “கதவு! கதவு!”

போன் அணைந்துவிட்டது. அவருக்குப் புரையேறியது. நான் தலையைச் சாய்த்து, உறிஞ்சும் குழாயை விட்டு எச்சிலை எடுத்தேன். நீலம் பாய்ந்த உதட்டில் மாஸ்க்கை வைத்து அழுத்தினேன். இந்த நோயில் அழுகையும் சிரிப்பும் கட்டுப்பாடில்லாமல் வரும். அன்று வந்தது நோயின் அழுகை இல்லை. மனுஷன் அழுதார். கண்ணீரைத் துடைத்துக்கொள்ளக் கை கிடையாது, நான்தான் துடைக்க வேண்டும். துடைக்கத் துடைக்க வந்தது.

“போதும்ப்பா,” என்றாள் மகள். “விட்டுடு. போலாம்ப்பா.”

அவர் அவளைப் பார்த்தார். பிறகு அவள் தோளைத் தாண்டிப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார், மறுபடி அந்தப் பக்கம். அவள் திரும்பிப் பார்த்தாள். அங்கே எங்கள் வாசல் கதவைத் தவிர வேறொன்றும் இல்லை.

“ஐயோ, அப்பா!” என்று வாயைப் பொத்திக்கொண்டாள். “கதவா?”

அவர் கண்ணை மேலே தூக்கினார். அது ஆமாம்.

அவள் தரையில் உட்கார்ந்து கட்டிலின் கம்பியில் முட்டிக்கொண்டாள். “நான்தான்ப்பா. ரெண்டும் ஒரே மாதிரி கேட்டுது. நான் என்னப்பா பண்ணுவேன்?”

மாஸ்க்குக்குள் அவர் முகம் மாறுவதைப் பார்த்தேன். மறுபடி புரையேறுகிறது என்று நினைத்துக் குழாயை எடுத்தேன். இல்லை, சிரித்துக்கொண்டிருந்தார். கழற்றச் சொன்னார். இப்போது வேண்டாம் என்றேன். கண்ணை இறுக்கி மூடித் திட்டினார். கழற்றினேன்.

“உனக்கே அப்படிக் கேட்டா,” என்றார், “மிஷினுக்கு?”

கதவு ஏன் திறக்கவில்லை என்பதற்கான காரணம் அப்படித்தான் கிடைத்தது. கப்பலின் இயந்திரம் குரல் கேட்டு வேலை செய்வது. வெளியே நிற்கிற மெக்கானிக்குக் காற்று தீர்ந்துகொண்டிருக்கிறது, நாக்கு குழறுகிறது. கதவைத் திற என்கிறான். இயந்திரத்துக்குக் கனவைத் திற என்று கேட்கிறது. அதற்குப் பொறாமையும் இல்லை, கோளாறும் இல்லை. சொன்னதைச் செய்கிறது. தூங்குகிற எல்லோருக்கும் ஒரு நல்ல கனவைத் திறந்துவிடுகிறது. கனவில் மெக்கானிக் வீட்டுக் கட்டிலில் கொட்டாவி விட்டபடி எழுந்திருக்கிறான், மனைவி காபி கொடுக்கிறாள். செருப்பு வாங்கிய அதே காட்சி, ஒரு வரி மாற்றவில்லை. அவன் வெளியே மறுபடியும் கேட்கிறான். இயந்திரம் இன்னும் நல்ல கனவாகக் காட்டுகிறது.

மகள் இந்தத் தடவை ஒவ்வொரு வரியையும் திரும்பப் படித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்பினாள்.

இயக்குநர் இரண்டு நாள் கூப்பிடவில்லை. மூன்றாம் நாள் பேசினார். கம்பெனியில் படித்தவுடன் எல்லோருக்கும் பிடித்துவிட்டதாம். பஞ்சர் பெயர் இந்த முறை திரையில் வரும் என்றார். ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. கதாநாயகன் அந்தக் குழறல் குரலை எத்தனை தடவை பேசிப் பார்த்தும் ஜலதோஷம் பிடித்தவன் மாதிரி இருக்கிறது. “அண்ணன் குரலை ஒரே ஒரு தடவை பதிவு பண்ணிக்கலாமா? ரெண்டே வார்த்தை.”

“அப்புறம் ஆஸ்பத்திரி,” என்றாள் மகள் அப்பாவைப் பார்த்து.

கண்ணை மேலே தூக்கினார்.

அவர்கள் வருவதாக இருந்த காலையில் உடம்பைத் துடைக்கும்போதே கை சுட்டது. காய்ச்சல் பார்த்தேன். முதுகில் காதை வைத்தால் கீழே ஈரச் சத்தம். விரலில் மாட்டுகிற கருவி நான் விரும்பாத எண்ணைக் காட்டியது. பேச்சுக்கு இடமில்லை, ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். போனைக் கீழே வைக்கும்போது இயக்குநரும் ஒலிப்பதிவுக்காரரும் மைக்கைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார்கள்.

“இன்னைக்கு வேண்டாம். போங்க,” என்றாள் மகள்.

பஞ்சர் என்னைப் பார்த்தார். நோயாளிகள் பலரும் பல விதமாகப் பார்ப்பார்கள், எனக்குப் புதிதில்லை. இது கெஞ்சல். இனிமேல் அந்தத் தொண்டையிலிருந்து ஒரு சொல்லும் வராது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

“ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும்தான்,” என்றேன். “வந்ததும் ஒரு வார்த்தை பாக்கி இருந்தாலும் கிளம்பிடணும்.”

வாசல் கதவைச் சாத்தி, ஜன்னலை மூடி, மின்விசிறியை நிறுத்தினார்கள். நான் மாஸ்க்கைக் கழற்றினேன். ஒலிப்பதிவுக்காரர் காதில் கருவியை மாட்டிக்கொண்டு கையைக் காட்டினார்.

அவர் “கதவைத் திற” என்றார். சுத்தமாக, வானொலியில் செய்தி வாசிப்பவர் மாதிரி.

எத்தனை வாரமாக வராத ‘த’ அன்று வந்துவிட்டது. மைக் முன்னால் ஒழுங்காகப் பேச வேண்டும் என்ற வீம்பில் எங்கிருந்தோ பலத்தைத் திரட்டிவிட்டார் மனுஷன்.

“அண்ணே, கொஞ்சம் குழறலா,” என்றார் இயக்குநர்.

மறுபடி. அதுவும் தெளிவு. எனக்கு ஆத்திரமாக வந்தது. பஞ்சர் பக்கம் திரும்பி, “தம்பி, இவ்வளவு நாளும் எங்க உயிரை வாங்கினீங்களே, அந்த மாதிரிப் பேசுங்க,” என்றேன். மகள் அழுகையோடு சிரித்தாள். அவருக்கும் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்கவில்லை. நான் குழாயை விட்டுச் சளியை எடுத்தேன். மாஸ்க்கை மாட்டப் போனால் தலையை அசைத்துத் தடுத்தார், அசைக்க முடிந்த அந்த ஒரு விரற்கடை அளவுக்கு. உதடு சாம்பல் நிறமாகியிருந்தது. முடியாது என்று அவர் தலையைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போது வாசலில் மணி அடித்தது.

யாரும் அசையவில்லை. ஒலிப்பதிவுக்காரர் கருவியைக் காதில் அழுத்திக்கொண்டிருந்தார். இயக்குநர் பஞ்சரின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். என் இரண்டு கையும் அவர் தலையில். மகளுக்கு மணி காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை. வெளியே ஸ்ட்ரெச்சரோடு நின்றவர்கள் மறுபடியும் அடித்தார்கள். பஞ்சருக்கு மட்டும்தான் வாசல் கதவு எதிரே இருந்தது.

அவர் எங்களைப் பார்த்துச் சொன்னார், பலமே இல்லாமல், மூக்கு வழியாக, கோபமாக: “கதவைத் திற.”

அது கனவைத் திற என்று வந்தது.

ஒலிப்பதிவுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். நான் மாஸ்க்கை அழுத்தி மாட்டிவிட்டு, போய்க் கதவைத் திறந்தேன்.

அவர் பேசிய கடைசிச் சொல் அது. அன்று சாயங்காலமே கழுத்தில் குழாய் வைத்தார்கள். நெஞ்சுச் சளி ஆளைக் கொண்டுபோகப் பார்த்தது. தீவிர சிகிச்சைப் பிரிவின் வெளி நாற்காலியில் மகள் கிடந்த கிடையைச் சொல்ல எனக்கு மனமில்லை. எப்படியோ உயிரோடு வீட்டுக்குக் கொண்டுவந்தோம். இப்போது இயந்திரம் நிற்காமல் ஓடுகிறது. வயிற்றில் ஒரு குழாய், அதன் வழியாகத்தான் சாப்பாடு. முகத்தில் கண் மட்டும் மிச்சம்.

எழுத்துப் பலகையை மகள் பிடித்துக்கொள்வாள். வரிசை வரிசையாக விரல் வைப்பாள். வேண்டிய எழுத்து வந்தால் கண்ணைத் தூக்குவார். பல நாள் ஒன்றும் எழுதவில்லை. கூப்பிட்டால் ஜன்னல் பக்கம் பார்த்தார். இந்தக் குழாய்க்கு ஏன் சம்மதித்தோம் என்று தன்னையே கேட்டுக்கொள்கிற முகம். சில சமயம் எனக்கும் அது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது.

போன வாரம் இயக்குநர் கடைசிக் காட்சியை எடுத்து போனுக்கு அனுப்பியிருந்தார். கூடவே ஒரு செய்தியும்: கம்பெனிக்காரர்கள் முடிவு ரொம்ப சோகம் என்கிறார்கள், மாற்றச் சொல்வார்கள் போலிருக்கிறது, பார்க்கலாம் அண்ணே. மகள் செய்தியை மறைத்துவிட்டுக் காட்சியை மட்டும் காட்டினாள். சாத்திய இரும்புக் கதவு, வெளியே கண்ணாடித் தொப்பிக்குள் ஒரு முகம். அந்த வாயிலிருந்து இவர் குரல் வந்தது. வீட்டில் மறுபடி அந்தக் குரலைக் கேட்டதும் அவள் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

அவர் அழவில்லை. கண்ணைச் சுருக்கினார். மறுபடி போடச் சொன்னார். மறுபடி. பிறகு பலகையைப் பார்த்தார். நான் மகளைக் கூப்பிட்டேன்.

த. ட். டு.

“தட்டா?” என்றாள் அவள். “பசிக்குதாப்பா?”

“வயித்துல குழாய் வெச்ச ஆளுக்குத் தட்டு எதுக்கு? சளித் தட்டைக் கேக்கறார்,” என்று நான் அதை எடுத்து வந்தேன்.

கண்ணை இறுக்கி மூடினார். கெட்ட வார்த்தை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் முதல்முறையாகத் திட்டினார். மகளும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவள் பலகையை மறுபடி தூக்கினாள்.

க. த. வு.

நான் போய் வாசல் கதவைத் திறந்து பார்த்தேன். யாருமில்லை. “ஒருத்தரும் தட்டலை தம்பி,” என்றேன்.

மகள் போனை எடுத்தாள். நின்றுபோயிருந்த காட்சியைப் பெரிதாக்கிப் பார்த்தாள். “ஐயோ, அத்தை. அவன் கையில ஸ்பேனர் இருக்கு.”

“இருந்தா என்ன? மெக்கானிக்தானே?”

“குரல் போச்சு, சரி. கையில அவ்வளவு பெரிய இரும்பு இருக்கே. கதவைத் தட்டலாமே?”

பஞ்சர் கண்ணைத் தூக்கினார். ஓட்டை. இயக்குநருக்கும் தெரியவில்லை, கதாநாயகனுக்கும் தெரியவில்லை, கம்பெனிக்காரர்களுக்கும் தெரியவில்லை. அவரே எழுதிய காட்சி என்பதால் அவருக்கும் அதுவரை தெரியவில்லை.

“கையிலேருந்து எடுத்துடச் சொல்லட்டுமாப்பா? கம்ப்யூட்டர்ல அழிச்சிடுவாங்க.”

கண் அசையவில்லை. அப்படியென்றால் வேண்டாம்.

அவள் பலகையைப் பிடித்தாள். வெயில் மேஜையிலிருந்து தரைக்கு இறங்குகிறவரை ஆயிற்று அந்த ஒரு சொல்லுக்கு. தட்டட்டும்.

“தட்டினா உள்ள கேக்குமே?”

கேட்கும், என்று எழுதினார். பிறகு இன்னொரு சொல். தூங்கறாங்க.

மகள் அதை டைப் அடித்து, படித்துக் காட்டி, அனுப்பினாள். இயக்குநர் இன்னும் பதில் போடவில்லை. குழாயில் சளி சேர்ந்திருந்தது. எடுத்துவிட்டு, விரிப்பைப் பிடித்து அவரை இடது பக்கமாகப் புரட்டினேன். அந்தப் பக்கம் படுத்தால் பலகை தெரியாது. கண்ணை இறுக்கி மூடினார். சரி என்று மறுபடி வலது பக்கமாகப் புரட்டி, முதுகுக்குத் தலையணை கொடுத்தேன். மகள் பலகையை எடுத்துக்கொண்டு முதல் வரிசையில் விரலை வைத்தாள்.